மலைக்கு 14 டிகிரி, சக்கரத்துக்கு 33: கனகபுரா ரோட்டுத் தோட்டத்தில் ஒரு மினி டிராக்டர் கவிழ்ந்த விதம்

பம்ப் ரூமில், யூரியா மூட்டைகளுக்குப் பின்னால், அது சுவரில் சாய்ந்து நின்றது. ‘ப’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்டது போல வளைந்த கறுப்பு இரும்புக் குழாய். அடியில் போல்ட் மாட்ட நான்கு துளை, மேலே ஒட்டடை. நான்கு போல்ட்டும் நட்டும் வாஷரோடு சேர்ந்து பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருந்தன. கழற்றியவர் ஒழுங்கான ஆள். திரும்ப மாட்டவேண்டும் என்றுதான் எடுத்து வைத்திருக்கிறார்.

டிராக்டரின் ரோல் பார் அது, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் வளையம். விபத்து நடந்த எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோட்டத்துக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டது இதுதான்.

நான் பெங்களூர் பீன்யாவில் ஓர் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏதாவது நடந்துவிட்டால் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்பதுதான் என் பிழைப்பு. தோட்டம் என் மச்சானுடையது, வீட்டுக்காரியின் தம்பி. ஆகவே இந்த ஆய்வில் உறவும் கொஞ்சம் குறுக்கே நிற்கும். நான் கிளம்பும்போதே வீட்டில் ஒரு முடிவு தயாராக இருந்தது: “டிரைவர் பையன் கவனக்குறைவா ஓட்டிட்டான்.” அலுவலகத்தில் எந்த அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த வார்த்தை வந்தால் அளக்க வேண்டியதை யாரும் அளக்கவில்லை என்றே அர்த்தம்.

இடமும் வண்டியும்

ஹாரோஹள்ளி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, மூன்றரை ஏக்கர். மேலே சிவப்பு மண், ஒரு முழம் தோண்டினால் சரளை, நடுநடுவே யானை படுத்த மாதிரி கருங்கல். ராமநகரத்துப் பாறைகளின் பங்காளிகள். நிலம் கிழக்கிலிருந்து மேற்கே ஏறுகிறது. முன்பு தைலமரத் தோப்பு. கர்நாடகத்தில் 2017-ல் புதிதாகத் தைலமரம் நடத் தடை வந்த பிறகு, பழைய சொந்தக்காரர் மரத்தில் பெரும்பகுதியை வெட்டி விற்றுவிட்டு நிலத்தையும் விற்றார். மரம் போனது, அடிக்கட்டைகள் போகவில்லை. தைலமரக் கட்டை சும்மா கிடக்காது, தளிர்க்கும். தளிரை வருஷம் இரண்டு தடவை வெட்டினார்கள். சுற்றி உண்ணிச்செடி மண்டியது. ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் கட்டை இருக்கிறதென்றே தெரியாது.

மச்சான் மாவும் பலாவும் சில்வர் ஓக்கும் வைத்தார். ஓரத்தில் பழைய பலா மரங்கள் நான்கு ஏற்கெனவே இருந்தன. புதுக் கன்றுகளை எப்படி வரிசை பிடித்தார் என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தில் வரிசைகள். மழைநீர் ஓடிவிடாமல் நிற்க, மண் அரித்துப் போகாமல் இருக்க அதுதான் சரி. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் வரிசை குறுக்கே போனால், வரிசைக்கு நடுவே புல் வெட்டப் போகும் டிராக்டரும் குறுக்கேதான் போகவேண்டும். உட்கார்ந்து ஓட்டும் தோட்ட டிராக்டர்களின் கையேட்டைப் பிரித்தால் பரவலாக இருக்கும் எச்சரிக்கைகள் மூன்று: 15 டிகிரிக்கு மேல் சரிவில் போகாதே, மேலும் கீழுமாக ஓட்டு, குறுக்கே ஓட்டாதே, ரிவர்ஸில் ஏற முடியாத சரிவில் வேலையே வைத்துக்கொள்ளாதே. மண்ணுக்கு நல்லதும் வண்டிக்கு நல்லதும் இங்கே நேரெதிர். கன்று நட்ட அன்றே டிராக்டரின் பாதையும் முடிவாகிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

வண்டி 20 குதிரைத்திறனை ஒட்டிய செகண்ட் ஹேண்ட் மினி டிராக்டர், பின்னால் புல் வெட்டும் ஸ்லாஷர். வரிசைக்குள் கன்று அடிபடாமல் நுழைய வேண்டுமென்று பின்சக்கரங்களை இருப்பதிலேயே குறுகலான அளவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு டயரின் நடுவிலிருந்து மறு டயரின் நடு வரை 76 செ.மீ. ரிம்மைத் திருப்பிப் போட்டால் 90 செ.மீ.க்கு மேல் அகலப்படுத்த முடிகிற வண்டி அது.

அன்று காலை

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் கனமழை மாதங்கள். அதற்கு முன் இரண்டு ராத்திரி விடாமல் பெய்திருந்தது. ஓட்டியவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன், வயது 26. டிராக்டர் அவருக்குப் புதிதல்ல, பதினைந்து வயதிலிருந்து ஓட்டுகிறார். ஆனால் ஓட்டியதெல்லாம் சமநிலத்தில், கேழ்வரகுக் காட்டில்.

வார்டில் போய்ப் பார்த்தேன். காலில் கட்டோடு எழுந்து உட்கார முயன்றார்.

“படுத்துக்கோ தம்பி. எந்த கியர்ல போன?”

“ஃபர்ஸ்ட் லோ சார். நடந்து போறவன்கூட முந்திக்குவான், அவ்ளோ மெதுவாத்தான் போனேன். மேடு எனக்கு வலது கைப் பக்கம். எதுத்தாப்புல பாறை தெரிஞ்சுது, பிளேடு அடிச்சுக்கும்னு ஸ்லாஷரைத் தூக்கினேன். அப்ப வலது பின்சக்கரம் எதுலயோ ஏறுச்சு. பிரேக் அடிச்சேன். மூக்கு மேட்டுப் பக்கமா இழுத்துது சார். அவ்ளோதான், வானம் தெரிஞ்சுது.”

“எந்த பெடல்?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “வலது.”

டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல் உண்டு. உழும்போது காட்டு மூலையில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். மற்ற நேரங்களில், ரோட்டிலும் சரிவிலும் கட்டாயமாக, இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னத் தகடு இருக்கும். இந்த வண்டியில் தகடு இருந்தது, பூட்டியிருக்கவில்லை. அது துருவேறிக் கிடந்ததைப் பார்த்தால் பல மாதமாகப் பூட்டவே இல்லை என்று தெரிந்தது. வலது பெடல் மட்டும் மிதிபட்டதால் வலது சக்கரம் பிடித்தது. இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அதை இடது சக்கரத்துக்குத் தள்ளியது. வண்டி மேட்டைப் பார்த்துத் திரும்பியது. சாயத் தொடங்கும் டிராக்டரை இறக்கத்துப் பக்கம் திருப்பினால் தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு. மேட்டுப் பக்கம் திரும்பினால் வளைவின் உதறலும் சேர்ந்து இறக்கத்துக்கே தள்ளும். அவருக்கு இது தெரியாது. சமநிலத்தில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. தடுக்க நினைப்பது போல அவர் இடது காலைத் தரையில் ஊன்றினார். முக்கால் டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு சாயும்போது ஒரு காலால் என்ன செய்ய முடியும்? ஆனால் எல்லோரும் செய்வது அதைத்தான். சைக்கிளில் பழகிய கால். இடது மட்கார்டு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. பானெட் போய் ஒரு பலா மரத்தில் முட்டி நின்றது. அந்தப் பலா இல்லையென்றால் அடுத்த உருளலில் வண்டி அவர் மேலேயே போயிருக்கும்.

முப்பத்தைந்து நிமிஷம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஏனென்றால் இரண்டாவது விபத்து இதற்குள்தான் ஒளிந்திருந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர் தோட்டத்துக் காவல்காரர், அறுபதைத் தாண்டியவர். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மேலே தூக்கி நின்ற வலது பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் விசையை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. வேட்டி நுனியோ துண்டோ பட்டால் ஆளையே சுருட்டிக்கொள்ளும். பெரியவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நிற்கவில்லை. மறுபடி திருப்பினார், சாவியைப் பிடுங்கியே எடுத்துவிட்டார். அப்போதும் நிற்கவில்லை. அந்த மாதிரி டீசல் வண்டியில் சாவிக்கும் இன்ஜின் நிற்பதற்கும் சம்பந்தமில்லை. டீசலை மறிக்கும் ஸ்டாப் நாப் தனியாக இருக்கும், அதை இழுக்க வேண்டும். கீழே மாட்டிக்கொண்ட பையன்தான் வலியோடு கத்தினார்: “தாத்தா, அந்தக் கறுப்புக் குமிழை இழு!” பெரியவர் கையை நீட்டியது பி.டி.ஓ. தண்டுக்கு மேலாக. ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். அவர் நின்ற இடத்தையும் குமிழ் இருக்கும் இடத்தையும் அளந்த பிறகு எனக்கே வயிற்றைக் கலக்கியது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நல்ல யோசனைக்காரர். எதையும் தூக்குவதற்கு முன்னால், போர்வெல் மோட்டார் இறக்கும் கயிறால் டிராக்டரை மேட்டுப் பக்கத்துச் சில்வர் ஓக்கில் கட்டச் சொன்னார். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் ஜாக்கி போட்டபோது வண்டி நழுவியிருக்கும். டாடா ஏஸிலிருந்து ஜாக்கி வந்தது. ஈர மண்ணில் வைத்துச் சுற்றச் சுற்ற, வண்டி ஏறாமல் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. பாத்தி ஓரம் கிடந்த தட்டைக் கல்லை எடுத்து அடியில் போட்ட பிறகுதான் மட்கார்டு நான்கு விரல் உயர்ந்தது. காலை எடுத்தார்கள். டீசல் சொட்டிய இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டதும் அந்த யோசனைக்காரர்தான்.

108-க்குப் போன் போட மேட்டு உச்சிக்கு ஏறவேண்டியிருந்தது, கீழே சிக்னல் இல்லை. வழி சொல்வதற்குள் பாதி நேரம் போனது. தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. வண்டி வருகிற தடமும் சேறு. கயிற்றுக் கட்டிலில் போட்டு ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். காலில் இரண்டு எலும்பும் முறிவு, உள்ளே கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை.

அளந்தது

மச்சான் சொன்னது: “மாமா, சரிவு பெருசா ஒண்ணும் இல்ல. போன்ல பார்த்தேன், பதினொண்ணுதான் காட்டுச்சு.” கேட்டிலிருந்து உச்சி வரை எடுத்துக்கொண்டால் சராசரி அவ்வளவுதான், பொய் சொல்லவில்லை. விபத்து நடந்த வரிசையில் நான் வேறு விதமாகப் பார்த்தேன். ஒரு மீட்டர் ரீப்பர் கட்டை, மேலே கொத்தனாரின் ரசமட்டம். ஒரு முனையை மேட்டில் ஊன்றி, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். 25 செ.மீ. வந்தது, அதாவது 14 டிகிரி. 27 செ.மீ. வந்திருந்தால் 15. கையேட்டு எல்லைக்கு ஒரு டிகிரி உள்ளேதான்.

அப்படியானால் ஏன் கவிழ்ந்தது?

உண்ணிச்செடியை விலக்கினேன். தைலமரக் கட்டை, 18 செ.மீ. உயரம். வெட்டுமுகத்தில் டயரின் கறுப்பு ரப்பர் இழுபட்ட கோடு, ஓரத்தில் பட்டை உரிந்த புதுக் காயம். வலது சக்கரம் ஏறியது இதில். நேர் கீழே, இடது சக்கரம் போன தடத்தில், பழைய நடவுக் குழியொன்று. தூர்த்த மண் மழையில் ஊறி, டயர் 8 செ.மீ. அமுங்கியிருந்தது.

76 செ.மீ. அகல வண்டியில் ஒரு பக்கம் 18 செ.மீ. ஏறினால் சாய்வில் 13 டிகிரி கூடும். மறுபக்கம் 8 செ.மீ. இறங்கினால் இன்னும் 6. மலையின் 14-ஐயும் சேர்த்தால் 33. டயர் அமுங்கும், கட்டையின் உச்சி வரை ஏறாமலும் இருந்திருக்கும் என்று இரண்டு மூன்று டிகிரி கழித்துக்கொண்டாலும் 30.

வண்டி எவ்வளவு தாங்கும்? எடையின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டேன். பாதி அகலம் 38. காகிதக் கணக்கில் 34 டிகிரி வரை நிற்கும். ஆனால் காகிதம் நான்கு கால் மேசையை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. டிராக்டர் மூன்று கால் முக்காலி. அதன் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடும். மேடு பள்ளத்தில் முன்சக்கரங்கள் தரையை விடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பக்கவாட்டில் சாயும்போது, அச்சு அதன் தடுப்பில் போய் இடிக்கும் வரை, முன்சக்கரங்கள் தாங்காது. பின்சக்கரத்தையும் அந்த நடு முளையையும் இணைக்கும் கோட்டில்தான் வண்டி புரளும். அதைச் சேர்த்துப் பார்த்தால் 34 என்பது 30-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. ஸ்லாஷரைத் தூக்கியதால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங்கின் பிடி தளர்ந்தது. வலது பெடல் மிச்சத்தைச் செய்தது. நூலிழையில் நின்ற வண்டிக்கு ஒரு பெடல் போதும்.

சக்கரங்களை 92 செ.மீ.க்கு அகலப்படுத்தியிருந்தால் அதே கட்டை, அதே குழிக்குச் சாய்வு 30 டிகிரி. தாங்கும் அளவோ காகிதத்தில் 40-க்குப் பக்கம். கவிழ்ந்திருக்காது என்று சத்தியம் செய்யமாட்டேன். டிரைவர் வேட்டியை உதறிக்கொண்டு திட்டிவிட்டுப் போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

ரோல் பார் ஏன் கழன்றது

பலாக் கிளை. அவ்வளவுதான் காரணம். வரிசை முனையில் பழைய பலாவின் கிளை தாழ்ந்து வந்திருந்தது, குழாய் அதில் இடித்தது. இரண்டு தடவை இடித்தபின் கழற்றிவிட்டார்கள். சில வண்டிகளில் ரோல் பார் பாதியில் மடங்கும், அதை மடித்துவிட்டிருப்பார்கள். இதில் மடக்கு இல்லை.

மரத் தோட்டத்துச் சரிவின் சிக்கலே இங்கேதான். மரம் இருப்பதால் வளையத்தைக் கழற்றுகிறோம். மரம் இருப்பதால்தான் கட்டையும் குழியும் இருக்கின்றன, வளையமும் அங்கேதான் தேவைப்படுகிறது. ஸ்வீடனில் புதிய டிராக்டர்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது 1959-ல். வண்டி கவிழ்வதை ரோல் பார் தடுக்காது. பக்கவாட்டில் சாய்ந்தவுடன் தரையில் ஊன்றி மேற்கொண்டு உருளாமல் நிறுத்தும், ஓட்டுபவருக்கு ஒரு கூண்டளவு இடம் விட்டுவைக்கும். அந்த இடத்துக்குள் அவரைப் பிடித்து வைப்பது சீட் பெல்ட். இரண்டும் ஜோடி. வளையம் இல்லாத வண்டியில், அல்லது மடித்து வைத்த வண்டியில், பெல்ட் போடக்கூடாது. வண்டியோடு சேர்த்து நசுக்கிவிடும். வளையம் நிற்கும்போது பெல்ட் போடாமல் இருக்கவும் கூடாது. தூக்கியெறிந்து அந்த வளையத்துக்கு அடியிலேயே போடும். நம் பக்கத்து மினி டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டுமே இருப்பதில்லை. இந்த வண்டியில் இரண்டும் வந்திருந்தன. பெல்ட்டைத் தேடினேன். சீட் உறைக்கு அடியில், அறுத்த நுனியோடு கிடந்தது.

கிளையை ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். மச்சான் கொஞ்சம் சங்கடத்தோடு, “அத்தையம்மா வேணாம்னாங்க மாமா. அந்தக் கிளைலதான் பழம் நல்லா காய்க்குது” என்றார். அத்தையம்மா என்றால் அவருடைய மாமியார். இந்த இடத்தில் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அடுத்த விபத்துக்கான ஏற்பாடு

போன இடத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. டிராக்டரை நிமிர்த்தி ஷெட்டில் விட்டிருந்தார்கள். பின்னால் மேல் லிங்க் கொக்கியில் ஒரு சங்கிலி மாட்டியிருந்தது. எதற்கு என்றேன். மிச்சமிருந்த தைலமரத்தையும் வெட்டி, கட்டைகளை மேட்டுக்கு இழுக்கப்போகிறார்களாம்.

பக்கவாட்டுக் கவிழ்ப்பாவது ஒரு நொடி எச்சரிக்கை தரும். இது அதுகூடத் தராது. பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால், கட்டை எதிலாவது மாட்டியவுடன் சக்கரம் நிற்கும், இன்ஜின் நிற்காது. அது அச்சைச் சுற்றி வண்டியின் மூக்கையே தூக்கும். முன்சக்கரம் எழும்பி முக்கால் நொடியில் மீளமுடியாத கட்டத்தைத் தாண்டும், ஒன்றரை நொடியில் வண்டி ஓட்டுபவர் மேல் மல்லாந்துவிடும். ஏற்றத்தில் இன்னும் சீக்கிரம். கிளட்சை மிதிக்க மூளை நினைப்பதற்குள் முடிந்துவிடும். இழுப்பதானால் கீழே இருக்கும் டிரா பார் என்ற இழுவைக் கம்பியில் மட்டும்தான் கட்டவேண்டும். சங்கிலியை நானே கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு அல்சூருக்கு வந்துவிட்டேன். இன்னும் என் வீட்டுப் பால்கனியில்தான் கிடக்கிறது.

பிறகு

சண்டை இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. பலாக் கிளை போனது. அத்தையம்மா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. ரோல் பாரை மாட்டினோம், பழைய போல்ட்டை விட்டுவிட்டு அதே தரத்தில் புதிது வாங்கி. பெல்ட்டும் புதிது. பின் டயர்களை அகலத்துக்கு மாற்றி, முக்கால் பங்கு தண்ணீர் அடைத்தோம். எடை கீழே சேர்ந்தால் மையம் இறங்கும். அகலமான வண்டி வரிசைக்குள் நுழையாதே என்று மச்சான் கேட்டார். நுழையவேண்டாம் என்பதுதான் என் யோசனை. 10 டிகிரிக்கு மேல் உள்ள ஐந்து வரிசைகளிலும் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான். ஒரு நாள் வேலை மூன்று நாளாகிறது, கூலி கூடுகிறது. அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கூலிக் கணக்கை ஆஸ்பத்திரி பில்லோடு வைத்துப் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அந்தப் பில்லைக் கட்டியவர் அவர்தான்.

பிரேக் தகட்டுக்கு எண்ணெய் விட்டுப் பூட்டினேன். ஸ்டாப் நாப்புக்குச் சிவப்புப் பெயின்ட். சனி ஞாயிறில் அபார்ட்மென்ட்டிலிருந்து வரும் நண்பர்களின் பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து ரீல்ஸ் எடுக்கிற வழக்கம் ஒன்று இருந்தது. அன்று காலை யாரும் வராதது யார் செய்த புண்ணியமோ. இப்போது சீட்டில் ஒருவர் மட்டும்.

கட்டைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். உண்ணிச்செடியை விலக்கி, ஒவ்வொன்றாகத் தேடி, மொத்தம் 63. ஜனவரியில் டிரைவர் தம்பி கைத்தடியோடு தோட்டத்துக்கு வந்தார். வண்டி பக்கம் போகவில்லை. வரிசை வரிசையாக மெதுவாக நடந்து, தடியால் செடியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். ஆறாவது வரிசையில் நின்று கூப்பிட்டார்.

“சார், சுண்ணாம்பு இருக்கா? இங்க ஒண்ணு விட்டுட்டீங்க.”